சம்பளத்தோடு வரும் சோதனை



கேகாலையிலிருந்து புளத்கொகுபிட்டிய ஊடாகக் கரவனல்லைக்குச் செல்லும் வீதியில், திங்கட்கிழமை விடியலில் வரும் பேருந்தை நம் தோட்டத்துப் பெற்றோர் நன்கு அறிவர். வீட்டுக்கு வந்துபோகும் பிள்ளைகள் அதிலேதான் மீண்டும் வேலைக்குத் திரும்புகின்றனர். ஒருவன் புறக்கோட்டையில் துணிக்கடைச் சிப்பந்தி. இன்னொருவன் வெள்ளவத்தையில் சாப்பாட்டுக் கடையில். ஒருத்தி கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில். பேருந்து கரவனல்லையில் பெரிய வீதியில் ஏறி அவிசாவளையை நோக்கித் திரும்பிய பின்னர், அந்தப் பிள்ளையின் விசுவாசத்துக்கு யார் காவல்?

“கொழும்பு கெடுத்துவிட்டது” என்பதே இக்கேள்விக்கு நாம் வழக்கமாகத் தரும் விடை. திருமுழுக்குப் பெற்று, புதுநன்மை வாங்கி, உறுதிபூசுதலின்போது ஆயரின் முன் நிமிர்ந்து நின்ற பிள்ளை, ஈராண்டு நகரத்தில் இருந்துவிட்டுத் திரும்பும்போது செபமாலையை மறந்திருக்கிறான். நாம் நகரத்தைக் குற்றம் சொல்லுகிறோம். கையடக்கத் தொலைபேசியைக் குற்றம் சொல்லுகிறோம். கூட்டாளிகளைக் குற்றம் சொல்லுகிறோம். இவையெல்லாம் பொய்யல்ல. ஆயினும் இவை பாதி உண்மையே என்பது என் கருத்து. மற்றப் பாதி நம் வீட்டுக்குள் இருக்கிறது.

“அப்படியானால் போகாதே என்று தடுத்துவிடலாமே” எனச் சிலர் சொல்லக்கூடும். அவ்வாறு சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்பது வர்த்தமானியில் வருவதற்கே 2021 ஆம் ஆண்டு வரை நம் மக்கள் காத்திருந்தனர். அது வந்த மறு ஆண்டிலேயே அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் ஏறிய விலை அந்த ஆயிரத்தை விழுங்கிவிட்டது. குடியிருக்கும் லயமோ வெள்ளைக்காரத் துரைமார் காலத்தது. 2016 ஆம் ஆண்டு மே மாதம் பெய்த பெருமழையில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்த அதே நாட்களில், நம் புளத்கொகுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்து லயத்து வீடுகளை மூடியதையும், அதில் நம் மக்கள் மாண்டதையும் மறந்துவிட முடியுமா? இப்படிப்பட்ட இடத்தில் பிறந்த பிள்ளை வேறு வாழ்வு தேடிப் புறப்படுவது பாவமன்று. புறப்படும் பிள்ளையின் கையில் நாம் எதைக் கொடுத்து அனுப்புகிறோம் என்பதே கேள்வி.

திருவிவிலியத்தில் தானியேல் நூலின் முதலாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். யூதாவின் இளைஞர் சிலர் சொந்த மண்ணிலிருந்து பாபிலோன் மாநகருக்குக் கொண்டுபோகப்படுகின்றனர். அங்கே அவர்களுக்கு முதலில் கிடைப்பது சவுக்கடியன்று. கல்வி கிடைக்கிறது, அரண்மனையில் உத்தியோகம் காத்திருக்கிறது, அரசனின் பந்தியிலிருந்து உணவும் திராட்சை இரசமும் நாள்தோறும் வருகின்றன, புதிய பெயரும் சூட்டப்படுகிறது. தீச்சூளையும் சிங்கக் குகையும் பின்னால்தான் வருகின்றன. முதல் அதிகாரத்தில் வருவது சாப்பாடு.

இந்த வரிசையை நம்மிற் பலர் கவனிப்பதில்லை. சோதனை என்றதும் நம் மனக்கண்ணில் தீச்சூளைதான் தெரிகிறது: யாரோ கத்தியை நீட்டி “உன் கடவுளை மறுதலி” என்று கேட்பதுபோல. நம் பிள்ளைகளிடம் அவ்விதம் எவரும் கேட்கப்போவதில்லை. “ஞாயிற்றுக்கிழமையும் வா, இரட்டைச் சம்பளம் தருகிறேன்” என்றுதான் கேட்பார்கள். “ஒரு கிளாஸ் எடு, எல்லோரும் எடுக்கிறோம்” என்பார்கள். “அந்தச் சிலுவைச் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டுக்கொள், வாடிக்கையாளர் பார்க்கிறார்கள்” என்பார்கள். பெயரைக்கூட வாய்க்கு இலகுவாக மாற்றிக் கூப்பிடுவார்கள். ஒன்றிலும் மறுதலிப்பு இல்லை. எல்லாம் சின்னஞ்சிறு சௌகரியங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தானியேல் பாபிலோனின் எல்லாவற்றையும் தள்ளவில்லை. அந்நாட்டு மொழியைக் கற்றார், உத்தியோகத்தை ஏற்றார், புதுப் பெயருக்கும் செவிகொடுத்தார். உணவு என்ற ஒரே இடத்தில் மட்டும் கோடு கிழித்தார், அதையும் பணிவோடு, அதிகாரியிடம் பத்து நாள் தவணை கேட்டு. நகரத்தில் உள்ள அனைத்தையும் பேயின் வேலை என்று பிரசங்கிக்கும் பெரியவர்கள் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லாமே பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு, உண்மையான பாவம் எதிரே வந்து நிற்கும்போது அதன் முகம் தெரிவதில்லை.

பாபிலோன் தொலைவில் உள்ள கதை என்று தோன்றினால், நம் இலங்கைத் திருநாட்டின் வரலாற்றுக்கே வருவோம். 1658 ஆம் ஆண்டு ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டனர். குருவுக்கு அடைக்கலம் தருவது கடுங்குற்றமாக்கப்பட்டது. இவ்வளவும் நமக்குத் தெரியும். நாம் அதிகம் பேசாத ஒன்று, தண்டனைக்குப் பக்கத்தில் ஒல்லாந்தர் வைத்திருந்த சம்பளம். உத்தியோகம் வேண்டுமா, அவர்களது சீர்திருத்தச் சபையில் திருமுழுக்குப் பெற வேண்டும். திருமணம் பதிவாக வேண்டுமா, பிள்ளைக்கு உரிமை வேண்டுமா, அதற்கும் அந்தச் சபையின் புத்தகத்தில் பெயர் வேண்டும். சவுக்குக்கு அஞ்சாத பலர் இதற்கு வளைந்தனர். பகலில் ஒரு சபை, இரவில் மற்றொரு செபம் என வாழ்ந்த குடும்பங்கள் எத்தனையோ. அவர்களைப் பழிக்க எனக்கு நா எழவில்லை. பிள்ளையின் பசிக்கு முன்னால் நிற்கும் தகப்பனின் நிலை என்ன என்பது தோட்டத்தில் வாழும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குரு இல்லை, திருப்பலி இல்லை, ஒப்புரவு இல்லை. 1687 ஆம் ஆண்டு கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது, கத்தோலிக்கர் எவர் எனக் கேட்டறியவும் வழியில்லை. கழுத்தில் செபமாலையைத் தெரியும்படி அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டு நடந்தார். எந்த வீட்டாரின் கண்கள் அந்த மாலையில் நிலைத்தன என்று பார்த்தார். அப்படித்தான் தம் மந்தையைக் கண்டுபிடித்தார். அவர் கண்டுபிடிப்பதற்கு ஒரு மந்தை மிஞ்சியிருந்ததே, அதுதான் என்னை ஒவ்வொரு முறையும் வியக்கவைக்கிறது. கோவில் பூட்டப்பட்ட பின்னும் விசுவாசம் அடுப்படியில் உயிரோடு இருந்திருக்கிறது. முப்பது ஆண்டு என்றால், திருப்பலியையே கண்டிராத ஒரு தலைமுறை வளர்ந்து பிள்ளை பெறும் காலம். அத்தலைமுறைக்குச் செபமாலையின் மணிகளை எண்ணக் கற்றுக்கொடுத்தவர்கள் தாயும் பாட்டியும்தான்.

அடிகளாரோடு கோவாவிலிருந்து வந்தவன் யோவான் என்ற இளைஞன். அவர் குடும்பத்தில் பணியாளாக இருந்தவன். யாழ்ப்பாணத்தில் அடிகளார் வயிற்றுப்போக்கால் சாகக் கிடந்தபோது அவனும் அதே நோயில் விழுந்தான்; அயலார் அஞ்சி ஒதுங்கினர்; இரங்கிய ஒரு பெண் கொண்டுவந்த கஞ்சியே இருவரையும் காத்தது. திரும்பிப் போக அவனுக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவனுக்குக் குருப்பட்டம் இல்லை, கூலி உயர்வு இல்லை, ஊரில் பெருமை பேச எதுவும் இல்லை. ஆயினும் உடனிருந்தான். இத்தாலியில் 15 வயதில் இறந்து, 2025 செப்டெம்பர் 7 ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட கார்லோ அக்கூத்திஸின் படத்தை இன்று நம் ஆலயங்களில் வைக்கின்றோம். நல்லதே. கணினி விளையாட்டுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் என்று தனக்குத்தானே எல்லை வகுத்த அந்தச் சிறுவன் நம் பிள்ளைகளுக்குப் பாடம்தான். ஆயினும் அடுத்தவர் வீட்டில் கைகட்டி வேலை செய்யும் நம் தோட்டத்து இளைஞனுக்கு, பீடத்தில் படமில்லாத அந்த யோவான் இன்னும் நெருங்கிய உறவினன் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் மலையகத்து வரலாறும் இதற்கு வேறானதன்று. 19 ஆம் நூற்றாண்டில் கங்காணிமாரின் பின்னால் தமிழகத்திலிருந்து நடந்து வந்த நம் முன்னோரில் கத்தோலிக்கராய் இருந்தவர்களும் குருவை அழைத்துக்கொண்டு வரவில்லை. மூட்டையில் ஒரு மாதா படமும் அந்தோனியார் சுரூபமும் வந்திருக்கலாம். நெஞ்சில் மந்திரங்கள் வந்தன. பால்வெட்டும் கொழுந்தும் முடித்து மாலையில் லயத்துத் திண்ணையில் கூடிச் செபித்தார்கள். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களுக்கென இரத்தினபுரி மறைமாவட்டம் 1995 ஆம் ஆண்டில்தான் காலி மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து உருவானது. அதற்கு வெகு காலம் முன்னரே, குரு எப்போதோ ஒருமுறை வந்துபோகும் தோட்டங்களில் நம் விசுவாசம் நிலைத்திருந்தது.

இப்போது பெற்றோரிடம் ஒரு கேள்வி. அந்தத் திண்ணைச் செபம் உங்கள் வீட்டில் இன்று இருக்கிறதா? பல வீடுகளில் அந்த நேரத்தைத் தொலைக்காட்சி நாடகம் எடுத்துக்கொண்டது. இப்போது ஆளுக்கொரு தொலைபேசி எடுத்துக்கொண்டது. பிள்ளையின் திருமுழுக்கு விருந்திலேயே சாராயப் போத்தல் உடைகிறது. சம்பள நாளன்று தகப்பன் எந்த வழியாக வீடு திரும்புகிறான் என்பதை ஐந்து வயதுப் பிள்ளை அறிந்திருக்கிறது. அந்தப் பிள்ளை வளர்ந்து கொழும்பில் ஐஸ் என்றும் தூள் என்றும் நஞ்சை நீட்டுபவனிடம் மறுப்புச் சொல்ல வேண்டும் என எதிர்பார்க்கிறோம். மறுப்பை எங்கே கற்றிருப்பான்?

இதைவிடக் கடினமான ஒன்றும் உண்டு. பிள்ளை தொலைபேசியில் அழைத்ததும் நாம் கேட்கும் முதற் கேள்வி என்ன? “காசு போட்டியா?” என்பதே. சீட்டுக் காசு, வட்டிக் காசு, தம்பியின் படிப்பு, கூரைத் தகரம் என நம் தேவைகள் உண்மையானவை. அவற்றை ஏளனம் செய்ய மாட்டேன். ஆனால், “சாப்பிட்டாயா, கோவிலுக்குப் போனாயா, யாரோடு இருக்கிறாய்” என்ற கேள்விகள் காசுக்குப் பின்னாலேயே வருமானால், அல்லது வராமலே போகுமானால், நாம் பிள்ளைக்கு ஒரு மறைக்கல்வி நடத்துகிறோம் என்பதை உணர வேண்டும். “நீ எவ்வளவு அனுப்புகிறாயோ அவ்வளவே நீ” என்பது அந்த மறைக்கல்வி. பின்னர் முதலாளியும் அவனை அதே தராசில் நிறுக்கும்போது அவனுக்கு அது புதிதாகத் தெரியாது. கூடுதலாகக் காசு வரும் வழி எதுவென்று அவனும் கேட்கமாட்டான்; நாமும் கேட்பதில்லை.

அன்பு மகனே, அன்பு மகளே, இனி உன்னோடு சில வார்த்தைகள். உன் கடை ஞாயிறன்று மூடுவதில்லை என்பது எனக்குத் தெரியும். சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்குகொண்டாலும் ஞாயிறு கடன் நிறைவேறும் எனத் திருச்சபைச் சட்டத்தின் 1248 ஆம் பிரிவு கூறுவதை யாராவது உனக்குச் சொன்னார்களா? குரு இல்லாமையாலோ வேறு பாரதூரமான காரணத்தாலோ திருப்பலிக்குப் போக இயலாதவர்கள் தனியாகவோ குடும்பமாகவோ தகுந்த நேரம் செபத்தில் செலவிடும்படி அதே பிரிவு பரிந்துரைக்கிறது. இயலாததை இறைவன் உன்னிடம் கேட்பதில்லை. ஆனால் எது இயலாதது, எது மனமில்லாதது என்று உன் உள்ளம் அறியும். புறக்கோட்டையில் வேலை என்றால் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலம் நடந்துபோகும் தொலைவில்தான் இருக்கிறது. 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்துக் குருதி சிந்தப்பட்ட அந்த ஆலயம், இரண்டு மாதம் ஆகுமுன் மீண்டும் திறக்கப்பட்டது. அழுத கண்களோடு மக்கள் திரும்பி வந்தார்கள்.

கடல் கடந்து பணிப்பெண்ணாகப் போகும் சகோதரிக்கு இதைவிடப் பெரிய பாடு. குவைத், துபாய், தோஹா நகரங்களில் கத்தோலிக்க ஆலயங்கள் உண்டு. ஆயினும் வீட்டுக் கதவு அவளுக்குத் திறக்கப்படுவது அருமை. சவூதி அரேபியாவிலோ ஆலயமே இல்லை. அவளுடைய நிலைமை 1658 க்குப் பிந்திய யாழ்ப்பாணத்தாரின் நிலைமையேதான். பத்து விரல்களால் எண்ணிச் சொல்லும் செபமாலையைப் பறிக்க எந்த வீட்டு எசமானியாலும் ஆகாது. அவளை அனுப்புமுன் அந்த மந்திரங்களும் மறையுண்மைகளும் அவளுக்கு மனப்பாடமாகியிருக்க வேண்டும். அது நம் வேலை.

நீ நகரத்தில் தனியாக இருக்கும் இரவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலர் விழுவது கெட்ட எண்ணத்தால் அன்று, தனிமையால். எட்டுப் பேர் படுக்கும் போடிங் அறையிலும் தனிமை இருக்கிறது. திரையில் வரும் அசிங்கம், பந்தயத்தில் போகும் காசு, முகமறியாத ஒருவரின் இனிய குறுஞ்செய்தி எல்லாம் அந்த நேரத்துக்கே வருகின்றன. தானியேல் பாபிலோனில் தனித்து நிற்கவில்லை. தோழர் மூவர் உடனிருந்தனர். உன்னோடு சேர்ந்து செபிக்க ஒரே ஒருவரைத் தேடிக்கொள். உன் தோட்டத்தவனாயிருந்தால் நல்லது; வேறு மொழி பேசுபவனாயிருந்தாலும் குறையில்லை. சிங்களத்தில் சொன்னாலும் அது அதே அருள் நிறைந்த மரியேதான்.

நீ ஏற்கெனவே விழுந்துவிட்டாய் என்றால்? அப்படியான ஒருவரைப் பற்றியும் வரலாறு சொல்லுகிறது. 1689 ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், யாழ்ப்பாணத்தில் மறைவாகத் திருப்பலிக்குக் கூடிய கத்தோலிக்கரை ஒல்லாந்தர் சுற்றிவளைத்துக் கைது செய்தனர். வாஸ் அடிகளார் அவர்கள் கையில் சிக்கவில்லை. பிடிபட்டவர்களுள் ஒல்லாந்தர் சபையில் சேர்ந்திருந்து மீண்டும் தாய்த் திருச்சபைக்குத் திரும்பிய சிலரும் இருந்தனர். அவர்களுக்கே மிகக் கொடிய தண்டனை. தொன் பேதுரு என்பவர் அடிபட்டே உயிர்நீத்தார். மற்றவர்கள் விலங்கிடப்பட்டுக் கடும் வேலைக்கு அனுப்பப்பட்டனர். ஒருமுறை சம்பளத்துக்கு வளைந்தவர்கள்தாம், இரண்டாம் முறை வளையாமல் நின்றார்கள். அவர்களை வாஸ் அடிகளார் வாசலில் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. ஒப்புரவு தந்து உள்ளே ஏற்றுக்கொண்டார். 2015 சனவரி 14 ஆம் நாள் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக உயர்த்தியது இந்தக் குருவைத்தான். நீயும் கிட்டத்தில் உள்ள ஆலயத்தில் ஏதேனும் ஒரு நாள் ஒப்புரவுக்குப் போ. உன் ஊர்க் குருவிடம் சொல்ல வெட்கமாயிருந்தால் உன்னை அறியாத குருவிடம் போ. அதற்காகவாவது கொழும்பு உதவட்டும்.

இறுதியாக, பங்குச் சபைகளுக்கும் தோட்டத்து உபதேசியார்மாருக்கும் ஒரு வேண்டுகோள். வேலைக்குப் போகும் பிள்ளை கிராம சேவகரிடம் நற்சான்றிதழ் வாங்குகிறான். பொலிஸில் ஓர் அறிக்கை வாங்குகிறான். பங்கில் ஒன்றும் வாங்குவதில்லை, நாமும் கொடுப்பதில்லை. ஒரு சாதாரணக் கொப்பி போதும். எந்தத் தோட்டத்திலிருந்து யார், எந்த ஊருக்கு, எப்போது போனார் என்று அதில் எழுதுங்கள். அவர் போய்ச் சேரும் இடத்துப் பங்குத்தந்தைக்குப் பெயரும் தொலைபேசி இலக்கமும் குறித்து ஒரு கடிதம் அனுப்புங்கள். இன்று அதற்கு முத்திரைச் செலவுகூட இல்லை. மாதத்தில் ஒரு நாள், ஞாயிறு செபக் கூட்டத்தில் அந்தப் பெயர்களைச் சத்தமாக வாசித்து மன்றாடுங்கள். மார்கழியில் கிறிஸ்து பிறப்புக்கு அவர்கள் பைநிறையப் பொருளோடு வந்திறங்கும்போது, பங்கு மக்களில் ஒருவராவது, “உன் பெயரை மாதாமாதம் கோவிலில் வாசித்தோம், தம்பி” என்று சொல்லக்கூடியவராக இருக்கட்டும்.